எலும்புகளிடம் பெயர் கேட்பவர்

(சென்ற இதழில் கேத்தி ரைக்ஸ் எழுதிவரும் டெம்பரன்ஸ் பிரென்னன் நாவல் வரிசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மருத்துவக் கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கூறியல் கற்பித்தவள் என்பதால், நாவலைப் பற்றிய கேள்விகளோடு எலும்பைப் பற்றிய கேள்விகளும் சேர்ந்தே வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.)

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சென்ற இதழ் என் கைக்குக் கிடைக்கவில்லை. யார் இந்த பிரென்னன்? போலீஸ் அதிகாரியா?
– வாசகர், ஈரோடு

அதிகாரி அல்லர். துப்பாக்கியும் கிடையாது, யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. அவர் தடய மானுடவியலர். உடல் அழுகியோ எரிந்தோ சிதைந்தோ போய், பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் கையை விரித்த பிறகு, மிச்சமிருக்கும் எலும்புகள் அவருடைய மேசைக்கு வரும். ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு உயரம், எப்படிச் செத்தார், செத்து எவ்வளவு காலமாயிற்று என்று அவர் சொல்ல வேண்டும்.

பிரென்னன் அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் பேராசிரியர். அங்கும் கனடாவின் மான்ட்ரியலில் உள்ள அரசுத் தடய ஆய்வகத்திலும் மாறி மாறி வேலை பார்ப்பவர். கணவரைப் பிரிந்தவர். கேட்டி என்று ஒரு மகள், பேர்டி என்று ஒரு பூனை. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர், அந்தப் போராட்டத்தை ஒவ்வொரு நாவலிலும் சுமக்கிறார்.

நாவலாசிரியரும் இதே தொழில்காரர்தான். 1948ல் சிகாகோவில் பிறந்து, 1975ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதே சார்லட்டில் பாடம் நடத்தி, அதே மான்ட்ரியல் ஆய்வகத்தில் எலும்புகளைப் பரிசோதித்தவர். அந்த ஆய்வகம் 1914ல் வில்ஃப்ரிட் டெரோம் என்ற மருத்துவர் தொடங்கியது. வட அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதலாவது. ரைக்ஸின் முதல் நாவல் 'டேஜா டெட்' 1997ல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. கனடாவில் சிறந்த முதல் குற்ற நாவலுக்கு அப்போது தரப்பட்டுவந்த ஆர்தர் எல்லிஸ் விருது அதற்குக் கிடைத்தது. இன்று வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் இருக்கின்றன.

முதல் நாவலின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். மான்ட்ரியலின் நடுவே ஒரு பழைய கிறித்தவக் குருமடத்தின் தோட்டத்தில் எலும்புகள் கிடைக்கின்றன. பழைய கல்லறை ஏதோ திறந்துகொண்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பிரென்னன் போய்ப் பார்க்கிறார். எலும்புகள் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கின்றன. எந்தக் காலத்துக் குருமாரையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் புதைத்ததில்லை.

நான் முதலாண்டு மருத்துவ மாணவி. எலும்பைப் பார்த்து உண்மையிலேயே இவ்வளவு சொல்ல முடியுமா மேடம்? அல்லது கதைக்காக மிகைப்படுத்துகிறார்களா?
– வாசகி, மதுரை

முடியும் அம்மா. ஆனால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்பவர்தான் நல்ல மானுடவியலர். இந்த நாவல்களை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

உங்கள் துறையில் இருக்கும் இடுப்பெலும்பு ஒன்றைக் கையில் எடுங்கள். பின்பக்கம் ஓர் ஆழமான வளைவு இருக்கும். அதற்குள் உங்கள் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரல் இறுகி நின்றால் பெரும்பாலும் ஆண். இப்படியும் அப்படியும் ஆட்ட இடமிருந்தால் பெரும்பாலும் பெண். அடுத்து, இரண்டு இடுப்பெலும்புகளையும் சேர்த்துப் பிடித்து, முன்பக்கம் அவை சந்திக்கும் இடத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு கோணம் தெரியும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்தால் வருவது போல அகலமாக இருந்தால் பெண். சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்தது போலக் குறுகலாக இருந்தால் ஆண். இதை என் ஆசிரியர் எனக்குக் கையைப் பிடித்துக் காட்டினார், நான் என் மாணவர்களுக்குக் காட்டினேன். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். விரல் மறக்காது.

'பெரும்பாலும்' என்று இரண்டு முறை எழுதினேன், கவனித்தீர்களா? பிரென்னனின் அறிக்கையிலும் அந்தச் சொல் வரும். அவர் 'இறந்தவருக்கு இருபத்தேழு வயது' என்று சொல்லமாட்டார், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்பார். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பின் உள்முனையைப் பாருங்கள். வளரும் வயதில் எலும்பின் முனைகள் தனித்துண்டாக இருந்து பிறகு ஒட்டும்; உடம்பில் கடைசியாக ஒட்டிக்கொள்ளும் முனை அது. ஒருவருக்கு இருபத்திரண்டில் முழுதாக ஒட்டியிருக்கும், இன்னொருவருக்கு முப்பது நெருங்கும்வரை கோடு தெரியும். உடம்பே இப்படி ஆளுக்கு ஆள் மாறும்போது அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதுவது பொய்யாகும். உயரமும் அப்படித்தான். தொடையெலும்பின் நீளம் ஒருவரின் உயரத்தில் கால்பங்குக்குச் சற்று மேல். ஆனால் ஓர் இனத்தாரை அளந்து போட்ட வாய்ப்பாட்டை இன்னோர் இனத்தாருக்கு அப்படியே போட்டால் தவறிவிடும்.

முதல் நாவலில் ரம்பத் தடங்களைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வருகிறது. எலும்பில் ரம்பம் போன பள்ளத்தின் அகலம், பல்லுக்குப் பல் இடைவெளி, இழுக்கும்போது வெட்டியதா தள்ளும்போது வெட்டியதா என்றெல்லாம் நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பார். பலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவதாக எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். கொலைகாரன் சொல்லாததை அவன் கருவி சொல்லிவிடும் இடம் அது.

நீங்கள் மருத்துவர், வயதில் மூத்தவர். வெட்டு, குத்து, பிணம் என்று எழுதும் நாவல்களைப் பெண்களும் பிள்ளைகளும் படிக்கும் பத்திரிகையில் பரிந்துரைப்பது முறையா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்குடி

ஐயா, உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட அக்கறைதான் தெரிகிறது. அதனால் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிப் பதில் தருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாலை, வகுப்பு முடியும் நேரம். ஒரு தலைமைக் காவலர் சாக்குப்பையோடு எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். தூர்ந்துபோன கிணறு ஒன்றைத் தோண்டும்போது கிடைத்தவை, மனித எலும்பா என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா, என்றார். மேசையில் செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பாதிக்கு மேல் ஆட்டெலும்பு. அவற்றை ஒதுக்க ஒதுக்க, அடியிலிருந்து ஒரு கீழ்த்தாடை வந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் வெளியே வந்திருந்தது. முன்பற்கள் புதியவை, விளிம்பு இன்னும் தேயவில்லை. கோரைப்பல் மட்டும் பால்பல்லாகவே இருந்தது. எட்டு வயது, மிஞ்சினால் பத்து.

ஆணா பெண்ணா என்று காவலர் கேட்டார். தெரியாது என்றேன். பருவம் எய்தாத பிள்ளையின் எலும்பில் அதை நம்பிச் சொல்ல முடியாது. அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பிறகு இரண்டு முறை கேட்டு எழுதினேன். பதில் இல்லை. யாருடைய பிள்ளை, யார் தேடினார்கள், எதுவும் எனக்குத் தெரியவரவில்லை. அந்தத் தாடையில் இடப்பக்க முன்பல் ஒன்று சற்றே திரும்பி முளைத்திருந்தது. சிரித்தால் தெரிந்திருக்கும். பெற்றவள் பார்த்திருந்தால் அந்த ஒரு பல்லை வைத்தே சொல்லியிருப்பாள்.

பிரென்னன் நாவல்களில் வெட்டும் குத்தும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் முதலில் கேட்பது 'கொன்றவன் யார்' என்று அல்ல, 'இது யார்' என்று. ஆய்வகத்தில் வழக்கு எண்ணோடு கிடக்கும் பெட்டிக்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை அவருக்குத் தூக்கம் வருவதில்லை. எனக்கு எழுதாமல் விட்ட அந்தப் பதில் கடிதத்தை இந்த நாவல்களில்தான் நான் படிக்கிறேன்.

'போன்ஸ்' தொலைக்காட்சித் தொடரை முழுதும் பார்த்துவிட்டேன். நாவலையும் படிக்க வேண்டுமா?
– வாசகி, சென்னை

கட்டாயம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. 2005 முதல் 2017 வரை பன்னிரண்டு பருவங்கள் ஓடிய அந்தத் தொடரின் பிரென்னன் இளையவர், வாஷிங்டனில் கற்பனையான ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர், பிறர் மனம் அறியாமல் பேசிவிடுபவர். நாவலின் பிரென்னன் நாற்பதைக் கடந்தவர், எல்லாவற்றையும் உணர்ந்து உள்ளே போட்டுப் புழுங்குபவர். தொடரில் ஒரு மாலைக்குள் கணினித் திரையில் இறந்தவரின் முகம் எழுந்து நிற்கும். நாவலில் ஒரு பல் மருத்துவரின் பழைய எக்ஸ்ரே வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும். வேலை அப்படித்தான் நடக்கும். தொடரின் தயாரிப்பில் ரைக்ஸுக்கும் பங்கு உண்டு. தொடரில் வரும் பிரென்னன் நாவலும் எழுதுகிறார். அந்த நாவல்களின் நாயகி பெயர் கேத்தி ரைக்ஸ்!

அக்கா, 'கிரேவ் சீக்ரெட்ஸ்' நாவலை என் மகள் வாங்கித் தந்தாள். முதல் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன். எங்களுக்கு அது கதையாகத் தெரியவில்லை. தொடர்ந்து படிக்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான் பல முறை படித்தேன்.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2002ல் வந்த அந்த நாவல் குவாதமாலாவில் ஒரு மலைக்கிராமத்தில் தொடங்குகிறது. 1982ல் இராணுவம் புகுந்து அழித்த ஊர். இருபத்துமூன்று பெண்களும் குழந்தைகளும் ஒரே குழிக்குள். பிரென்னன் மண்டியிட்டுக் கரண்டியால் ஈரமண்ணை விலக்குகிறார். ஒரு தலைமுடிக் கிளிப், ஒரு துணித்துண்டு, ஒரு சின்னச் சப்பாத்து, பிறகு இரண்டு வயதுக்கு மேற்படாத ஒரு குழந்தையின் இடுப்பெலும்பு. ஊர் கற்பனை, குழிகள் கற்பனை அல்ல. 1960 முதல் 1996 வரை நடந்த குவாதமாலா உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போனார்கள். அந்நாட்டின் தடய மானுடவியல் அறக்கட்டளை புதைகுழிகளைத் தோண்டியபோது ரைக்ஸும் போய் அதில் வேலை செய்தவர். ருவாண்டா இனப்படுகொலை பற்றிய ஐக்கிய நாடுகள் தீர்ப்பாயத்தில் சாட்சியும் சொன்னவர்.

2025ல் உங்கள் யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒரு சின்னப்பிள்ளையின் எலும்புகள் நீலநிறப் பள்ளிப்பையோடும் பொம்மையோடும் கிடந்தன. அந்தப் படத்தைப் பார்த்த நாளில் எனக்குச் சாக்குப்பைத் தாடைதான் நினைவுக்கு வந்தது. பிள்ளையைத் தேடிக் கையில் படத்தோடு தெருவில் அமர்ந்திருக்கும் தாய்மார் நடுவே வாழும் உங்களிடம், இது வெறும் நாவல்தானே, படியுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் குழியின் ஓரத்தில் உறவினர்கள் நிற்கிறார்கள், பேசாமல். தோண்டுபவர்கள் அவசரப்படுவதில்லை. மண்ணைச் சலித்து, ஒரு பொத்தானைக்கூட விடாமல் உறையில் இட்டு எண் எழுதுகிறார்கள். எலும்போடு கிடைக்கும் உடைமை எவ்வளவு பெரிய சாட்சி என்பதை அந்தப் பக்கங்கள் போல விளக்கியதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அகழ்வு எப்படி நடக்க வேண்டும் என்று அறிந்து கேள்வி கேட்பதற்கு அது உதவும். மனம் இடம் கொடுக்கும்போது, பகலில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இப்போது மூடியே இருந்தாலும் தவறில்லை.

1952ல் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் தலையில்லாத உடல் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடைத்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதுவும் பிரென்னன் வேலைதானே?
– வாசகர், மானாமதுரை

ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்கிறீர்கள். உடல் போட் மெயில் ரயிலில் உங்கள் ஊருக்கு வந்தது. தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவைதாம் என்று நிறுவியதில் தடய மருத்துவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது பிரென்னன் துறை அல்ல. சதையும் தோலும் இருக்கும்வரை அது பிரேதப் பரிசோதனை மருத்துவரின் வேலை. அந்த டிரங்குப் பெட்டி சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்திருந்தால் பிரென்னனைக் கூப்பிட்டிருப்பார்கள்.

புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். குறையே இல்லையா?
– வாசகர், கோவை

இருக்கிறது. கடைசி ஐம்பது பக்கங்களில் கொலைகாரன் பிரென்னனையே துரத்துவது வழக்கமாகிவிட்டது. நிலவறை, இருட்டு, தலையில் அடி. இரண்டு மூன்று நாவல்களுக்குப் பிறகு அது எனக்குச் சலித்தது. உண்மையில் எலும்பைப் பரிசோதிப்பவரைக் கொலைகாரன் தேடி வருவது மிக மிக அரிது. எல்லா அத்தியாயத்தையும் திடுக்கிடும் ஒரு வரியில் முடிப்பதும் தேவையற்றது. எலும்பே போதிய அளவு திடுக்கிட வைக்கிறது.

என் மனக்குறை வேறு. வரிசை வளர வளர ஆய்வக மேசை சுருங்கி, ஓட்டமும் துரத்தலும் பெருகின. மேசைக்கு அவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் நாவல் நிமிர்ந்து உட்காருகிறது. 2001ல் வந்த 'பேட்டல் வாயேஜ்' அதற்குச் சாட்சி. வட கரோலினா மலைக்காட்டில் விமானம் விழுகிறது. சிதறிய உடல்களுக்கு இடையே ஒரு பாதம் கிடைக்கிறது. பயணிகள் பட்டியலில் யாருக்கும் அது பொருந்தவில்லை. அவ்வளவுதான் முடிச்சு. ஒற்றைப் பாதத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவல்! அதே 2001ல், உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்தபின், அந்த இடிபாடுகளில் மனித எச்சங்களைப் பிரித்தெடுக்க ரைக்ஸே போக வேண்டியிருந்தது.

எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்? இதே போல வேறு வரிசைகள் உண்டா?
– வாசகி, சேலம்

'டேஜா டெட்', பிறகு 'பேட்டல் வாயேஜ்', பிறகு 'கிரேவ் சீக்ரெட்ஸ்'. இவற்றைப் படித்தபின் எதை வேண்டுமானாலும் எடுங்கள். பிரெஞ்சுப் பெயர்கள் முதலில் தடுக்கும், நாலாவது அத்தியாயத்தில் பழகிவிடும்.

இந்தத் துறையை நாவலுக்குள் கொண்டுவந்ததில் ரைக்ஸ் முதல்வர் அல்லர். ஆரோன் எல்கின்ஸ் 1982லேயே கிடியன் ஆலிவர் என்ற எலும்பு வல்லுநரைப் படைத்துவிட்டார். அவருடைய 'ஓல்ட் போன்ஸ்' எட்கர் விருது பெற்றது. இரத்தம் குறைவாக வேண்டுமென்றால் அவரைப் படியுங்கள். எல்லி கிரிஃபித்ஸின் ரூத் காலவே தடயத் தொல்லியலர்; இங்கிலாந்தின் நார்ஃபக் உப்புச் சதுப்பு நிலம்தான் அந்த வரிசையின் உயிர்.

என் தாத்தா மருத்துவர். பரணில் அவருடைய மரப்பெட்டி ஒன்றில் மனித எலும்புகள் இருக்கின்றன, மண்டையோடு உட்பட. வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆற்றில் போட்டுவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

போடாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள், தோட்டத்திலும் புதைக்காதீர்கள். என்றோ ஒருநாள் யார் கையிலாவது கிடைத்து, போலீஸ் வந்து, இல்லாத கொலையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தடய மானுடவியலரிடம் வரும் பெட்டிகளில் இப்படிப்பட்ட பாட எலும்புகளும் அவ்வப்போது இருக்கும். வழவழப்பாகப் பூசிய வார்னிஷ், கம்பி கோக்கப் போட்ட துளை, மண்டையோட்டின் மேல்பகுதியை வட்டமாக அறுத்து மாட்டிய கொக்கி ஆகியவற்றை வைத்து அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் பெட்டியிலும் பாருங்கள், இருக்கும்.

அந்தக் காலத்தில் மருத்துவ மாணவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்தது. மூத்தவர் படித்து முடித்ததும் இளையவருக்கு விற்றுவிடுவார். என்னுடையதில் எனக்கு முன் படித்த மூவரின் பெயர்கள் மூடியின் உட்புறம் மையால் எழுதியிருந்தன. உலகத்து மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கும் எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்துதான் போயின. 1985ல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அவை யாருடைய எலும்புகள், அவர்கள் சம்மதித்தார்களா என்று அன்றைக்கு மாணவியாக இருந்த நானும் கேட்கவில்லை. இன்று அது என்னை உறுத்துகிறது.

செய்ய வேண்டியது இதுதான். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தாத்தாவின் பெயர், அவர் படித்த கல்லூரி, படித்த ஆண்டு மூன்றையும் குறிப்பிடுங்கள். பதில் வந்ததும் எலும்புகளைத் துணியில் தனித்தனியே சுற்றி, மண்டையோட்டின் கீழ்த்தாடை கழன்றுவிடாமல் கட்டி, அதே பெட்டியில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டி பரணில் இருக்க வேண்டாம், எலி கடிக்கும். கீழே இறக்கிச் சுத்தமான ஓர் இடத்தில் வையுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் பயமுறுத்தாமல், இது ஒரு மனிதர் என்று சொல்லுங்கள்.